கழுத்தை இறுக்கும் ட்ரைசூட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் பாசிக்குடாவில் சுழியோடிகளை ஏற்றிச் செல்லும் படகொன்றில் வேலை செய்கிறேன், நானும் முறையாகச் சுழியோடப் பழகியவன். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சுவிற்சர்லாந்தில் இருக்கும் அக்காவிடம் செல்லவிருக்கிறேன். அங்குள்ள ஏரிகளில் சேர்ந்து சுழியோடலாம் என்று சொல்லி, அத்தான் தாம் பாவித்த ட்ரைசூட் (உடல் நனையாமல் குளிர்நீரில் சுழியோட அணியும் அங்கி) ஒன்றை ஊருக்கு வந்தவர் மூலம் முன்கூட்டியே அனுப்பியிருக்கிறார். அதன் கழுத்தில் மெல்லிய கறுப்பு லேட்டக்ஸ் இறப்பர் இருக்கிறது. கல்லடிக் கடற்கரையில் ஒரு மத்தியானம் அணிந்து பார்த்தபோது தலை நுழைவதே பெரும்பாடாகிவிட்டது. சற்று நேரத்தில் தொண்டை அடைத்துத் தலை சுற்றியது. வெட்டிவிடு என்கிறார் ஒரு நண்பர். தேங்காயெண்ணெய் தடவி உதைபந்தில் மாட்டி வை என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?
– கல்லடி வாசகர்

பதில்: தம்பி, இரண்டையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். மத்தியானத்தில் அணிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைக் கவனிக்க வேண்டும். ட்ரைசூட் நீர் புகாத துணியாலான முழு அங்கி என்பதால், வெளியிலிருந்து நீர் வராதது போலவே உள்ளிருந்து உடலின் சூடும் வியர்வையும் வெளியேறுவதில்லை. மட்டக்களப்பு வெயிலில் அதைப் பூட்டிக்கொண்டு மணலில் நின்றால், கழுத்து எவ்வளவு தளர்வாக இருந்தாலும் தலை சுற்றத்தான் செய்யும். ஆகவே உங்கள் தலைச்சுற்றலுக்குக் காரணம் வெப்பமா, கழுத்து இறுக்கமா என்பதைப் பிரித்தறிந்த பின்னரே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். அதிகாலையில் வீட்டுக்குள், மின்விசிறியின் கீழே, உள்ளே மெல்லிய ஆடை மட்டும் இருக்க, சிப்பைப் பூட்டாமல் திறந்தபடியே விட்டு, கழுத்தை மட்டும் சரியாகப் பொருத்திக்கொண்டு கால் மணி நேரம் இருந்து பாருங்கள். பக்கத்தில் வீட்டார் ஒருவர் இருக்கட்டும். அப்போதும் முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து, தலை கிறுகிறுத்தால் இறுக்கம் உண்மையானது. உடனே இரு கை விரல்களையும் உள்ளே விட்டு இறப்பரை விரித்துக் கழற்றிவிடுங்கள்.

இந்த இறுக்கத்தைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கழுத்தின் இருபுறமும், தாடையெலும்பின் மூலைக்குச் சற்றுக் கீழே, தலைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாடி இரண்டாகக் கிளைக்கிறது. அந்தக் கிளையில் இரத்த அழுத்தத்தை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. வெளியிலிருந்து அவ்விடம் அமுக்கப்பட்டால், அழுத்தம் கூடிவிட்டதென்ற பொய்ச் செய்தி மூளைக்குப் போகிறது. மூளையும் அதை நம்பி இதயத் துடிப்பைக் குறைத்து இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. உண்மையில் கூடியிராத அழுத்தத்தை இவ்வாறு குறைத்தால் கண் இருளும். சிலர் மயங்கியும் விழுவர். கரையில் விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் உண்டு. நீருக்கடியில் மயங்குபவரின் நிலையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தளர்ந்த கழுத்தும் நல்லதல்ல. நம் கடலில் நீங்கள் அணியும் வெட்சூட்டுக்குள் நீர் சிறிது புகுந்தால் குற்றமில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டு மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்க ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்துக்கு இறங்குவோரும் நம் கடலின் சூட்டில் மெல்லிய வெட்சூட்டுடன் சமாளித்துவிடுவர். சுவிஸ் ஏரிகளோ கோடையில் மேற்பரப்பில் இதமாக இருந்தாலும், ஆழத்தில் ஆண்டு முழுவதும் 4 முதல் 6 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்திச் செல்வதால், அந்தக் குளிரில் உள்ளாடை நனைந்தால் அன்றைய சுழியோட்டம் அத்துடன் முடிந்தது. எனவே நமக்கு வேண்டியது தளர்வு அல்ல, வலியில்லாத ஒட்டல். புதுச் சட்டையின் மேற்பொத்தானைப் பூட்டியது போன்ற உணர்வு இருக்கலாம். எச்சில் விழுங்கும்போது தடையோ, பேசும்போது குரல் மாற்றமோ இருக்கக் கூடாது. இரு விரல்களை அடியில் செலுத்தினால் அவை நோவில்லாமல் நுழைய வேண்டும்.

அடுத்து, இறப்பர் கழுத்தின் எவ்விடத்தில் உட்காருகிறது என்று கண்ணாடியில் பாருங்கள். இதை எவரும் பார்ப்பதில்லை. லேட்டக்ஸ் சீலின், அதாவது நீரை உள்ளே விடாமல் தடுக்கும் அந்தக் கழுத்து இறப்பரின், ஒட்டும் பகுதி குரல்வளை மேட்டுக்குக் கீழே, கழுத்தின் நடுவிலும் அடியிலும் சுருக்கமின்றிப் பரவியிருக்க வேண்டும். தலையை நுழைத்தவுடன் அது தாடைக்கு அடியிலேயே சுருண்டு நின்றுவிட்டால், மேலே நான் சொன்ன அந்த நாடிக் கிளையின் மேலேயே அழுத்தம் முழுவதும் விழும். விரலால் மெல்லக் கீழே இழுத்து, விளிம்பு உட்புறம் மடிந்திருந்தால் நேராக்கிவிட்டால், வெட்ட வேண்டும் என்று நினைத்த எத்தனையோ கழுத்துகள் வெட்டாமலே சரியாகிவிடுகின்றன.

இன்னொரு சோதனையும் உண்டு. இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்துங்கள். பின்னர் குந்தி இருங்கள். அப்போது மட்டும் தொண்டை முன்புறமாக நெரிபட்டால் குற்றம் கழுத்தில் இல்லை, அங்கியின் உடல் நீளம் போதவில்லை. உங்கள் அத்தான் உங்களைவிடக் குட்டையானவர் என்றால் இதுவே காரணமாக இருக்கக்கூடும். உள்ளே தோள்பட்டை வார் இருந்தால் அதைத் தளர்த்திப் பாருங்கள். அதன் பின்னும் இழுத்தால் அந்த அங்கி உங்களுக்கு உரியதல்ல. கழுத்தை எவ்வளவு வெட்டினாலும் உடல் நீளம் கூடப்போவதில்லை. நீர் கசிவது மட்டும் கூடும். அங்கே போன பின் அணியப்போகும் தடித்த நியோபிரீன் (நுரை இறப்பர்) தலைமூடியும் கழுத்தை அமுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கழுத்து சீலை மட்டும் ஒருமுறை, தலைமூடியுடன் ஒருமுறை என்று இரண்டையும் தனித்தனியே சோதிக்காமல் பழியைச் சீலின் மேல் போடுவது நியாயமல்ல.

இவையெல்லாம் பார்த்த பின்னும் இறுக்கமென்றால், முதலில் விரித்துப் பாருங்கள். தையல் அளவு நாடாவால் உங்கள் கழுத்தின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். 38 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், 41 அல்லது 42 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள, விளிம்பு கூராக இல்லாத, வழவழப்பான எவர்சில்வர் பாத்திரம் ஒன்று போதும். குறுக்களவு 13 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் வரும். நண்பர் சொன்ன உதைபந்தின் சுற்றளவு முழு அளவில் 68 சென்ரிமீற்றருக்குக் குறையாது. பழைய லேட்டக்ஸை அவ்வளவு விரித்து இரவு முழுவதும் விட்டால் காலையில் கிழிசலைத்தான் காண்பீர்கள். காற்று குறைத்த சிறுவர் பந்து வேண்டுமானால் உதவும். இறப்பரின் இரு பக்கமும் வாசனையற்ற டல்க் பவுடர் தூவி, பாத்திரத்தை உட்புறமிருந்து செலுத்தி, ஒட்டும் பகுதி விரிந்து நிற்கும்படி ஓர் இரவு விடுங்கள். வெயில் படும் இடமும் தகரக் கூரையின் அடியும் ஆகாது. மின்மோட்டார் இயங்கும் இடத்தின் அருகிலும் வைக்க வேண்டாம். அங்கு உண்டாகக்கூடிய ஓசோன் வாயு இயற்கை இறப்பரில் வெடிப்பு விழச் செய்யும். லேட்டக்ஸ் விரித்ததில் ஒரு பகுதி திரும்பச் சுருங்கியே தீரும் என்பதால், ஓரிரவில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். பிறகு மறுபடி அணிந்து, மறுபடி விரித்து, பொறுமையாகச் செய்யுங்கள்.

வெட்டுவது கடைசி வழி. வெட்டியதை ஒட்ட முடியாது. லேட்டக்ஸ் கழுத்து சீல் கூம்பு வடிவமானது. மேல்நுனி ஒடுங்கியும் அடி அகன்றும் இருப்பதால், மேலிருந்து ஒரு வளையத்தை நீக்கினால் துளை சற்றுப் பெரிதாகிறது. தயாரிப்பாளர்கள் புதிய சீல்களை வேண்டுமென்றே சிறிதாகத்தான் தருகிறார்கள். வாங்குபவர் தம் கழுத்துக்கேற்ப வெட்டிக்கொள்ளட்டும் என்பதே நோக்கம். உங்களுடையது அத்தானின் கழுத்துக்கு வெட்டப்பட்டது. சீலின் மேல் வரிவரியாக மேடுகள் தெரிந்தால் அவையே வெட்டும் வழிகாட்டிகள். ஒரு தடவைக்கு 3 முதல் 5 மில்லிமீற்றருக்கு மேல் எடுக்க வேண்டாம். சீலைப் பாத்திரத்தில் மாட்டி ஒருவர் பிடித்திருக்க, மற்றவர் நீளமான, கூர் மழுங்காத கத்தரிக்கோலால், அலகுகளை முழுவதும் மூடாமல் தொடர்ந்து நகர்த்தி, ஒரே சீராக வெட்ட வேண்டும். அலகை மூடி மூடித் திறந்தால் விளிம்பில் பல்பல்லாக வரும். விரிக்கும்போது கிழிசல் அந்தப் பல்லிலிருந்துதான் தொடங்கும். வெட்டி முடிந்ததும் விளிம்பைச் சுற்றி விரல் நுனியால் தடவிப் பாருங்கள். எங்காவது இடறினால் அங்கே மட்டும் மெல்லச் சீவிவிடுங்கள். பிறகு அணிந்து கால் மணி நேரம் இருங்கள். அன்றைக்கு அத்துடன் நிறுத்துவது நல்லது. இன்னும் கொஞ்சம் வெட்டினால் என்ன என்று கை துறுதுறுக்கும் நேரத்தில்தான் நல்ல சீல்கள் வீணாகின்றன.

தலை நுழைவது பெரும்பாடு என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் பழக்கம். மோவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, இரு கைகளின் நான்கு விரல்களையும் உள்ளே விட்டு, விரல்களின் முழு நீளத்தாலும் பக்கவாட்டில் விரித்து, உச்சந்தலையை முன்னே தள்ளுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள், கிள்ளிப் பிடித்து இழுக்காதீர்கள். கழற்றும்போதும் இதே முறைதான். வழுக்கலுக்குப் பவுடர் போதும். இல்லையேல் சவர்க்காரம் கரைத்த நீர் சிறிதளவு. தேங்காயெண்ணெய், வாசலின், வெயில் தடுப்புக் களிம்பு, நுளம்பு விரட்டும் களிம்பு எதுவும் லேட்டக்ஸின் அருகே வரக் கூடாது. எண்ணெய் பட்ட லேட்டக்ஸ் ஊதிப் பிசுபிசுத்து வலுவிழந்துவிடும். நம்மூரில் காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கம் இருப்பதால், சீலைப் போடும் நாளில் அதையும் தவிருங்கள்.

கடைசியாக ஒன்று. கழுத்து சரியாகிவிட்டதே என்று அந்த அங்கியுடன் தனியே கடலில் இறங்கிவிடாதீர்கள். உள்ளே காற்றைச் செலுத்தியும் வெளியேற்றியும் பழக வேண்டிய உடை அது. காற்று கால்பக்கம் ஏறினால் ஆளைத் தலைகீழாக மேலே இழுத்துவிடும். அதற்கான பயிற்சியை அங்கே போய் எடுப்பதே முறை. நீருக்கடியில் கழுத்து புதிதாக இறுகுவதுபோலத் தோன்றினால், ஆழம் கூடக்கூட அங்கிக்குள் காற்று அமுங்கிவிட்டதா என்று முதலில் பாருங்கள். சிறிது காற்றைச் சேர்த்தவுடன் அந்த இறுக்கம் விட்டுவிடும்.

கேள்வி: நோர்வேயில் மீன் பண்ணையொன்றில் சுழியோடியாக வேலை செய்யும் என் மச்சான் விடுமுறைக்கு வந்திருக்கிறார். அவருடைய அங்கியின் கழுத்து தடித்த நியோபிரீன். அதை வெட்டவே கூடாது, சுழியோடும்போது முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டரில் மாட்டி வைத்தால் போதும் என்கிறார். சரியா? சிலிக்கோன் சீலையும் இப்படி விரிக்கலாமா?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: முதற்பாதி ஏறக்குறைய சரி. நியோபிரீன் லேட்டக்ஸைப் போலத் திரும்பச் சுருங்குவதில்லை; விரித்தால் விரிந்தபடியே பெரும்பகுதி நிற்கும். அதனால் அதை முதலில் விரிப்பதே முறை, வெட்டுவது மிக அரிதாகவே தேவைப்படும். ஆனால் 12 லீற்றர் சிலிண்டரின் சுற்றளவு 53 சென்ரிமீற்றருக்கும் மேல். ஒரே இரவில் அதில் ஏற்றினால் பசையிட்டு ஒட்டிய இணைப்பு பிரியக்கூடும். கழுத்தைவிடச் சற்றே பெரிய பாத்திரத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறலாம்.

நியோபிரீனில் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. அது நுண்ணிய காற்றுக் குமிழிகள் நிறைந்த பொருள். 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்காகும்போது குமிழிகள் சுருங்கி, சீல் மெலிந்து, கழுத்தும் சற்றே தளர்கிறது. எனவே கரையில் முழுச் சுகமாக இருக்கும்வரை விரித்தால் ஆழத்தில் கசியும். கரையில் கொஞ்சம் பிடிப்பாகவே இருக்கட்டும். அணிந்த பின், மேல் விளிம்பை உட்புறமாக மடித்து, வழவழப்பான பக்கம் தோலில் ஒட்டும்படி விட வேண்டும் என்பதை மச்சான் அறிந்தே இருப்பார். அந்த மடிப்பு கோணலாக இருந்தாலும் ஒரு பக்கம் மட்டும் நெரிப்பதுபோல் தோன்றும்.

சிலிக்கோன் சீல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை விரித்து வைப்பதால் பயனில்லை, பழைய அளவுக்கே திரும்பிவிடும். அச்சிட்ட வரியில் வெட்டுவது ஒன்றே வழி. கூர்நுனி பட்டால் லேட்டக்ஸைவிட எளிதாகக் கிழியும்.

கேள்வி: சுழியோடிவிட்டு வந்தால் கழுத்தைச் சுற்றிச் சிவந்து எரிகிறது. இரண்டு நாள் கழித்தும் அரிப்பு நிற்பதில்லை. இறுக்கம்தான் காரணமா?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: எரிச்சல் இரண்டு வகை. விளிம்பு பட்ட இடத்தில் மட்டும் கோடுபோலச் சிவந்து, மறுநாளே தணிந்தால் அது உரசல். அன்று காலையே சவரம் செய்த தோலில் உப்புநீரும் இறப்பரும் சேர்ந்தால் அப்படித்தான் எரியும். சவரத்தை முதல்நாள் மாலையே முடித்துவிடுங்கள். முள்முள்ளாக வளர விட்டாலும் அது தோலையும் சீலையும் ஒருசேர அராவும், நீரும் கசியும். பகல் முழுவதும் தலையைத் திருப்பித் திருப்பி வேலை செய்பவர்களுக்கு இது கூடுதலாக வரும்.

ஆனால் இறப்பர் பட்ட இடம் முழுவதும் தடித்து, நாட்கணக்கில் அரித்தால் லேட்டக்ஸ் ஒவ்வாமையை ஐயுற வேண்டும். இறப்பர் கையுறை அணியும்போதோ பலூன் ஊதும்போதோ உங்களுக்கு அரிப்பு வருகிறதா என்று நினைத்துப் பாருங்கள். ஆம் என்றால் களிம்பு பூசிக்கொண்டு தொடராமல் தோல் வைத்தியரைக் காணுங்கள். இத்தகைய ஒவ்வாமை சிலருக்கு மூச்சுத் திணறல் வரை போகும். சீலை நியோபிரீனுக்கோ சிலிக்கோனுக்கோ மாற்றிவிடலாம். எந்நிலையிலும், சீலுக்கும் தோலுக்கும் நடுவில் துணியைச் சுற்றிக்கொள்ளாதீர்கள். நீர் துணிவழியே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறி உள்ளே வந்துவிடும்.

கேள்வி: நான் திருமணமாகி நோர்வே சென்றவள். கணவருடன் சேர்ந்து ட்ரைசூட்டில் சுழியோடப் பழகுகிறேன். நீண்ட கூந்தலும் தாலிக்கொடியும் சீலில் சிக்குகின்றன. கொடியைக் கழற்ற அம்மா சம்மதிக்கிறார் இல்லை.
– திருக்கோவில் வாசகி

பதில்: தங்கச்சி, கூந்தலை உச்சியில் இறுகக் கட்டி, மெல்லிய தலையுறைக்குள் அடக்கிவிட்டு நுழையுங்கள், ஒற்றை முடி சீலுக்கடியில் அகப்பட்டாலும் அதன் வழியே நீர் வரும். பிடரியில் வளரும் குட்டி மயிரைத்தான் பலர் கவனிக்காமல் விடுவார்கள். கண்ணாடி முன் விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

கொடி சீலைக் கடந்து செல்லவே கூடாது. அதன் கொக்கி லேட்டக்ஸைக் குத்திக் கிழிக்கும், இறுகிய சீலுக்கடியில் சங்கிலி கழுத்திலும் பதியும். அணியுமுன் கழற்றிச் சிறு துணிப்பையில் இட்டு, உள்ளாடையின் நெஞ்சுப் பையில் வைத்து மூடிவிடுங்கள். கொடி உங்கள் மேனியிலேயே இருக்கும், நெஞ்சோடு இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். காதணியையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: நான் தையற்காரன். இப்படியான அங்கி ஒன்றைக் கொண்டுவந்து, கழுத்து இறப்பரை வெட்டி எடுத்துவிட்டு இலாஸ்ரிக் வைத்துத் தைத்துத் தரும்படி கேட்கிறார்கள். கூலி நல்லாகத் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– காத்தான்குடி வாசகர்

பதில்: செய்ய வேண்டாம். ஊசி போன ஒவ்வொரு துளையும் நீருக்கு வாசல். லேட்டக்ஸிலோ அந்தத் துளையே கிழிசலின் தொடக்கம். துணியும் இலாஸ்ரிக்கும் எவ்வளவு இறுகினாலும் நீரைத் தடுக்காது. இறுக்கம் குறையாமல் காப்பு மட்டும் போய்விடும். பழைய சீலை உரித்து எடுத்து, அதே அளவு வட்டத்தில் புதியதைப் பசையிட்டு ஒட்டுவதே இதற்குரிய வேலை. அதற்கு உள்ளே வைக்கும் அச்சும், உரிய பசையும், பழகிய கையும் வேண்டும். அந்த வாடிக்கையாளரை அத்தகைய பணிமனைக்கு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் கைக்கு வேறு வேலை இருக்கிறது. நம்மூரின் வெயிலும் சூடும்தான் இந்தச் சீல்களின் முதல் எதிரி. நன்னீரில் அலசி, நிழலில் காயவைத்து, பவுடர் தூவிய அங்கியை இட்டு வைப்பதற்குத் தடித்த, அடர்நிறப் பருத்தித் துணியில் பெரிய பையொன்று தைத்துக் கொடுங்கள். வாய்ப்புறம் 60 சென்ரிமீற்றராவது அகலம் இருக்கட்டும். கழுத்துச் சீல் மடிபடாமல் மேலே விரிந்து கிடக்க அந்த இடம் வேண்டும். வாயைக் கட்டத் துணிநாடா போதும். செம்பு, பித்தளைக் கொக்கிகள் பட்டால் லேட்டக்ஸ் கறைபட்டுக் கெடும்.